பதின்மூன்றாவது பெயர்

அக்டோபர் 9, வியாழன். கோயம்புத்தூர்

அணி மேலாளர் தினமும் ஒரு குறிப்பு எழுதி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுமாம். போட்டி நடத்துகிறவர்களின் விதி. எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், யாருக்குக் காய்ச்சல், விடுதியில் என்ன குறை. அதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடுகிறேன். அதில் எழுத முடியாதவற்றுக்கு இந்த நோட்டு.

இது ஆசியாவின் இரண்டாம் நிலைக் கிளப் கோப்பை. முதல் நிலைக்குப் போக முடியாத கிளப்புகளுக்காக நடத்துவது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் 'ஆறுதல் கோப்பை' என்று எழுதியிருந்தார். எழுதிக்கொள்ளட்டும். எங்கள் நொய்யல் கூடைப்பந்துக் கழகம் வெளிநாட்டுக்கு ஆடப் போவது இதுதான் முதல் தடவை. பதினைந்து பாஸ்போர்ட், மூன்று நாட்டு விசா, இருபத்தாறு ஜெர்சி, எல்லாம் என் தலையில். என் வங்கியில் ஐந்து மாதத்துக்கு விடுப்பு கொடுத்தபோது மேலதிகாரி, "நல்லா ஊர் சுத்திட்டு வாங்க மேடம்" என்றார். அவர் வாயில் சர்க்கரை போட.

அணிக்குப் பதின்மூன்று பேரைப் பதிவு செய்திருக்கிறோம். ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேர்தான். யார் ஆடவில்லை என்பதைக் கோச் ஸ்டீபன் ஞானராஜ் சொல்வார், பட்டியலை நான் எழுத வேண்டும். அதில் கையெழுத்து அவருடையது. ஆட்ட நாளில் அவருக்குக் கை நடுங்கும், பேனா பிடிக்க முடியாது. அதனால் இன்றே பத்துப் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"பாக்கவே மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"நீ எழுதறதை நான் எதுக்கும்மா பாக்கணும்?" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் ஆட்டம், சொந்த ஊரில், கொழும்பு அணியோடு. ஜெயித்தோம், 82–69.

காலையில் கோச் போனில், "குணசீலன் இன்னைக்கு வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு மாலை எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவர் ஜெர்சியையும் ஒரு பையில் போட்டு மாட்டிவிடுவேன். சொந்த ஊரில் என்றால் உடை மாற்றும் அறைக் கொக்கியில், வெளியூரில் என்றால் விடுதி அறையின் கதவுப் பிடியில். எவன் கொக்கியில் பை இல்லையோ அவன் இன்று ஆடவில்லை. வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை ஆரம்பித்தவளே நான்தான். நான் ஆடிய காலத்தில் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லி 'நீ வெளியே' என்பார்கள்.

குணசீலன் வந்தான். கொக்கியைப் பார்த்தான். டிராக் சூட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில்களை எடுத்து பெஞ்சுக்குப் பின்னால் அடுக்கினான்.

குணசீலன் என் தம்பி. இதை நோட்டில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 22, புதன். கொழும்பு

மழை. தோற்றோம். ஜெர்சிகளைக் காய வைக்க இடமில்லாமல் என் அறை முழுக்கக் கயிறு கட்டினேன்.

பன்னிரண்டு கதவில் பை. சீலன் கதவில் இல்லை.

நவம்பர் 6, வியாழன். கோயம்புத்தூர்

தாஷ்கண்ட் அணியை ஐந்து புள்ளியில் ஜெயித்தோம். செர்பியாவிலிருந்து வந்திருக்கும் எங்கள் நடு ஆட்டக்காரன் மார்கோ இருபத்தெட்டு எடுத்தான். அவன் மோதிப் பழகுவதற்கென்றே சீலனை அணியில் வைத்திருக்கிறார் கோச். தினமும் பயிற்சியில் மார்கோவின் முழங்கையை நெஞ்சில் வாங்குவது என் தம்பியின் வேலை. முப்பத்தாறு வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார். பதினேழு வருடமாக இந்தக் கிளப்புக்கு ஆடுகிறான். இந்த சீசனோடு நிறுத்திக்கொள்வதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

இன்று மதியம் கேட்டிலேயே என்னைப் பிடித்தான்.

"அக்கா, நீ ஒருக்கா கோச்சுகிட்டச் சொல்லேன். ஜெயிக்கற மேட்ச்சுல கடைசி ரெண்டு நிமிஷம் போதும். வெளிநாட்டு டீமோட ஒருக்கா ஆடிட்டா எனக்குப் போதும்."

"நான் சொன்னா அக்கா தம்பிக்குச் சிபாரிசு பண்றான்னு பேசுவாங்கடா."

"அதுவுஞ் சரிதான்," என்றான். "போச்சாது உடு."

எங்கள் ஊரில் 'போச்சாது' என்றால் போகட்டும், பரவாயில்லை என்று அர்த்தம். அவன் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கோபித்துக்கொண்டால்கூட நன்றாக இருக்கும்.

நவம்பர் 19, புதன். உலான்பாத்தர்

குளிர் மைனஸ் இருபத்து மூன்று. விமானத்தில் ஒரு பெட்டி காணாமல் போய்விட்டது. அதில்தான் ரசப்பொடி இருந்தது. பையன்கள் இரண்டு நாளாக வேகவைத்த முட்டையில் உயிர் வாழ்கிறார்கள். விடுதிக்காரரிடம் சைகையில் சோறு கேட்டு, கெட்டிலில் வெந்நீர் போட்டு, ஊறுகாயோடு பிசைந்து எல்லோருக்கும் கொடுத்தேன். மார்கோவும் சாப்பிட்டான், கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆட்டம் தோல்வி. எனக்கு முட்டி வலி.

நவம்பர் 20, வியாழன். உலான்பாத்தர்

காலைச் சாப்பாட்டின்போது நவ்ஷாத் சீலனிடம் ஒரு கேள்வி கேட்டான். நவ்ஷாத் எங்கள் ஊரில் கரும்புக்கடைப் பகுதிப் பையன், இருபத்து மூன்று வயது, அணியிலேயே சின்னவன். முதல் ஐந்தில் இல்லை, ஆனால் எதிரணியில் யார் நன்றாக எறிகிறானோ அவனை ஒட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால் சட்டையில் ஒட்டிய நாயுருவி மாதிரி நிற்பான்.

"ஏனுங்ண்ணா, நீங்க இந்தியா கேம்ப்புக்கே போனதில்லீங்களா? எல்லாரும் உங்க ஆட்டத்தைப் பத்தி அவ்ளோ பெருமையாச் சொல்றாங்க."

"கூப்புட்டாங்கப்பா, பதினெட்டு வயசுல. அப்ப வீட்டுல வேலை இருந்துச்சு."

அப்படி என்ன வேலை என்று நவ்ஷாத் கேட்டான். எனக்கு டீ ஆறிவிட்டது, வேறு வாங்க எழுந்து போனேன்.

டிசம்பர் 4, வியாழன். கோயம்புத்தூர்

ஜெயித்தோம். ஐந்து ஆட்டத்தில் மூன்று வெற்றி. ஜெர்சி துவைத்தேன். எட்டாம் எண்ணில் ரத்தக் கறை, போகவில்லை.

டிசம்பர் 17, புதன். தாஷ்கண்ட்

ஜெயித்தோம். அரையிறுதிக்குப் போகிறோம். பையன்கள் பஸ்ஸில் ஆடித் தீர்த்தார்கள். கோச் அழுதுவிட்டு, சளி பிடித்திருக்கிறது என்றார்.

வழக்கமாக எங்கள் அணியில் பத்து நாளைக்கு ஒருவன் கணுக்காலைத் திருகிக்கொள்வான், ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு வரும். இந்த சீசனில் ஒருவனுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. பன்னிரண்டு பேரும் கல்லுக்குண்டாக இருக்கிறார்கள். மேலாளராக நான் சந்தோஷப்பட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்தன்றும் காலையில் கோச்சின் போனை எடுக்கும்போது, யாருக்காவது காய்ச்சல் என்று சொல்ல மாட்டாரா என்று தோன்றுகிறது. இதை எழுதவே கேவலமாக இருக்கிறது.

சீலன் பஸ்ஸில் எல்லோரோடும் கை தட்டினான். பிறகு ஜன்னலோரம் தூங்கிப்போனான். வாயைத் திறந்துகொண்டு தூங்குவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஜனவரி 15, வியாழன். கோயம்புத்தூர்

பொங்கல். சீலனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். அம்மா படத்துக்குப் பூ போட்டோம்.

சீலனுக்குப் பதினெட்டு வயதான அந்த வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு கடிதம் ஒரே வாரத்தில் வந்தது. ஒன்று எனக்கு, சீனியர் பெண்கள் அணியின் முகாமுக்கு. ஒன்று அவனுக்கு, இளைஞர் அணியின் முகாமுக்கு. இரண்டும் பெங்களூரில், ஒரே தேதியில். அம்மாவோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டும். சீலன், "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றான். நான் போனேன். இந்திய ஜெர்சி கிடைத்தது. அந்த ஜெர்சியால் வங்கி வேலை கிடைத்தது. அவனை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

இதில் யாருடைய தவறும் இல்லை. அவனே சொன்னதுதான். நான் கட்டாயப்படுத்தவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

கட்டாயப்படுத்தவில்லை என்று நேற்று எழுதியிருக்கிறேன். வேண்டாம், நீ போடா என்று ஒரு பேச்சுக்காவது சொன்னேனா? சொல்லவில்லை.

ஜனவரி 29, வியாழன். கோயம்புத்தூர்

அரையிறுதி, முதல் ஆட்டம், காட்மாண்டு அணியோடு. இனி ஒவ்வொரு சுற்றும் இரண்டு ஆட்டம், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்து யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இன்று பதினாறு புள்ளியில் ஜெயித்தோம். கடைசி மூன்று நிமிடம் இருபது முன்னால் இருந்தோம். சீலன் பட்டியலில் இருந்திருந்தால் அந்த மூன்று நிமிடம் ஆடியிருக்கலாம்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கோச்சிடம் கேட்டேன்.

"சார், குணசீலனை ஒரு மேட்ச்சாவது..."

"ரேணு, நீ கேப்பேன்னு அக்டோபர்ல இருந்து எதிர்பாத்துட்டு இருந்தேன்," என்றார். "எனக்கும் அவன் மேல ஆசைதான்மா. ஆனா யாரை எடுக்கச் சொல்ற? பேரைச் சொல்லு, எடுத்தர்றேன்."

நான் பேரைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன். காட்மாண்டு

நான்கில் தோற்றோம். மொத்தத்தில் ஜெயித்தோம். இறுதிக்குப் போகிறோம். இறங்கும்போது விமானம் குலுங்கிய குலுக்கலில் எனக்குக் கடவுள் நம்பிக்கை திரும்ப வந்தது, இறங்கியதும் போய்விட்டது.

பிப்ரவரி 25, புதன். அம்மான்

இறுதி, முதல் ஆட்டம். 71–77. ஆறு புள்ளியில் தோல்வி. ஊரில் ஏழில் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு.

நோன்பு மாதம். நவ்ஷாத் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கோச் முனகினார், ஆனால் தடுக்கவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு உடை மாற்றும் அறையில் பேரீச்சம்பழம் சாப்பிட்டு நோன்பு திறந்துவிட்டு இறங்கினான். அவர்கள் அணியில் உயரமாக ஒருவன், சீசன் முழுக்கச் சராசரி இருபத்தைந்து எடுத்தவன், நவ்ஷாத்திடம் மாட்டிக்கொண்டு ஒன்பதுதான் எடுத்தான். இவன் இல்லையென்றால் இருபதில் தோற்றிருப்போம்.

"எங்கேருந்துடா உனக்கு இவ்ளோ தெம்பு?" என்றேன்.

"ஊர்ல நடக்கற மேட்ச்சுக்கு அத்தா வர்றேன்னு சொல்லிருக்காருங்க்கா. மாமா, பெரியத்தா, எல்லாரும். அவங்க முன்னால ஜெயிக்கணும்."

சீலன் அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தான். அவன் பெயர் இல்லாத ஒன்பதாவது ஆட்டம்.

மார்ச் 3, செவ்வாய். கோயம்புத்தூர்

டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. போன் ஓயவில்லை. பதினைந்து வருடமாகப் பேசாத சித்தப்பா இரண்டு பாஸ் கேட்டார்.

சீலன் பள்ளியிலிருந்து பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறான், முடிந்ததும் பஸ் பிடித்துத் திரும்பிப் போகிறான். இன்று முட்டியில் ஐஸ் கட்டியை வைத்துக் கட்டும்போது, "இன்னும் ரெண்டு நாள், அப்புறம் இந்த முட்டிக்கு நிம்மதி" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4, புதன்

ஜெர்சிகளைத் தேய்த்தேன். சொந்த ஊர் ஆட்டத்துக்கு எப்போதும் பன்னிரண்டுதான் எடுத்துப் போவேன். இன்று பதின்மூன்றையும் தேய்த்தேன். சீலனின் பதினான்காம் எண்ணில் தோள்பக்கம் தையல் விட்டிருந்தது, அதையும் தைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கோச் போன். "அதேதான்மா. குணசீலன் வேண்டாம்." சரி என்றேன்.

மூன்று மணிக்கு அரங்கம். தண்ணீர், பனிக்கட்டி, பேண்டேஜ், துண்டு இருபத்து நான்கு, நவ்ஷாத்துக்குப் பேரீச்சம்பழம். ஆறு மணிக்குப் பட்டியலை மேசையில் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது. ஐந்தே முக்காலுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பட்டியலில் தவறு நடந்துவிட்டது. நவ்ஷாத்தின் பெயர் விடுபட்டு, குணசீலன் பெயர் இருந்தது. ஐந்து மாத அலைச்சல், அசதி, போன் தொல்லை. எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. இப்படி நடப்பதுதான். நான் மனுஷிதானே.

ஆறரைக்கு நவ்ஷாத் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் மூன்று சாப்பிட்டான், தண்ணீர் குடித்தான். அறை ஓரத்தில் துண்டை விரித்துத் தொழுதான். பிறகு தன் கொக்கிக்குப் போனான். பை இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கொக்கியில் பதினான்காம் எண் பை தொங்குவதைப் பார்த்தான்.

சீலன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்தான்.

"அக்கா, என்னமோ மாத்தி மாட்டிட்டே. இது பையன் ஆடற மேட்ச்சு."

"லிஸ்ட்லயே அப்படித்தான் எழுதிட்டேன்டா. தப்பாயிருச்சு. இனி மாத்த முடியாது."

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

கோச் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏம்மா, நீயா?" என்றார். இரண்டே வார்த்தை. போய்விட்டார்.

நவ்ஷாத் டிராக் சூட்டோடு பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது வரிசையில் அவன் அத்தா, அம்மா, குழந்தைகளோடு பதினொரு பேர். நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து அங்கேயே குடித்திருக்கிறார்கள். அவன் எப்போது இறங்குவான் என்று முதல் பாதி முழுக்க அவன் அத்தா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆட்டம் 80–76. நான்கில் ஜெயித்தோம். ஏழில் ஜெயித்திருக்க வேண்டும். அந்த உயரமானவன் முப்பத்தொன்று எடுத்தான். அவனோடு நிற்க ஆளில்லை.

சீலன் ஏழு நிமிடம் ஆடினான். மார்கோ ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போனபோது கோச் திரும்பிப் பார்த்து, வேறு வழியில்லாமல் அவனைக் கூப்பிட்டார். ஐந்து ரீபவுண்ட், ஒரு கூடை. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் கூடை போட்டதும் நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்றதை மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் இந்திய ஜெர்சி போட்ட நாளன்றுகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

கோப்பையை அவர்கள் எடுத்துப் போனார்கள். பத்திரிகைக்காரர்கள் நவ்ஷாத் ஏன் ஆடவில்லை என்று கேட்டதற்கு, "உயரம் தேவைப்பட்டது, என் முடிவு" என்றார் கோச்.

நோன்பிருக்கும் பையன், ஒருநாள் ஓய்வு கிடைத்தது என்றுகூட

இந்த வரியை முடிக்க விரும்பவில்லை.

மார்ச் 7, சனி

சீலன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"ஒம்பது மேட்ச்சு என் பேரை எழுதாதப்ப நான் உன்னைய ஒண்ணும் கேக்கலக்கா. இப்பக் கேக்கறேன். எதுக்கு எழுதுன?"

"அசதிடா. கண்ணு..."

"என்கிட்டயுமா?"

நான் குனிந்து மிதியடியை நேராக்கினேன்.

"பெங்களூருக்குத்தான? அதுக்குத்தான இத்தனையும்?"

"நீ போகலையேடா. என்னாலதான போகல. எனக்காக..."

"உனக்காகன்னு யாரு சொன்னா?" அவன் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "பயம்க்கா எனக்கு. இங்கிலீஷ் தெரியாது. ஆறே முக்கால் அடி ஆளுங்க நிப்பாங்க, மொத நாளே திருப்பி அனுப்பிருவாங்கன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. லெட்டரைக் கிழிச்சுப் போட்டுரலாமான்னு இருந்தேன். அம்மா ஆஸ்பத்திரில கெடந்தாங்க. எனக்கு நல்ல சாக்கு கெடச்சுது. நீ போன்னு சொன்னேன். நீ பஸ் ஏறுனப்பறம் ரெண்டு பரோட்டா சாப்புட்டுட்டு நிம்மதியாத் தூங்குனேன். போதுமா?"

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ என்னையப் பெரிய தியாகின்னு நெனச்சுட்டு இருந்த. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு." குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பையன் என்கிட்ட வந்து, நல்லா ஆடுனீங்கண்ணான்னு சொல்லிட்டுப் போறான்க்கா. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த ஏழு நிமிஷத்தை நெனைக்கறது?"

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். போய்விட்டான். போச்சாது என்று சொல்லவில்லை.

அவன் சொன்னது உண்மையா, அல்லது என் பாரத்தை இறக்குவதற்காகச் சொன்னானா, தெரியவில்லை. அந்த இரண்டு பரோட்டாவை நினைத்தால் உண்மை என்றுதான் படுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

கோச்சுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். 'கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு' என்று தொடங்கியது. படித்துப் பார்த்தேன். கிழித்தேன். மறுபடி எழுத உட்கார்ந்தேன், முதல் வரி வரவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

கரும்புக்கடைக்குப் போனேன். பன்னிரண்டு மணி வெயில். சந்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நவ்ஷாத் கதவைத் திறந்து, கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "வாங்கக்கா" என்றான். அவன் அத்தா நாற்காலியை எடுத்துப் போட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்றார்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். நேரம் கடத்தினால் வராது.

"நவ்ஷாத், லிஸ்ட்ல உன் பேர் தவறிப் போகலை. தெரிஞ்சேதான் எழுதல. என் தம்பி ஒரு மேட்ச் ஆடணும்னு உன் பேரை எடுத்துட்டேன்."

"தெரியும்ங்க்கா," என்றான். "அஞ்சு மாசத்துல ஒரு சாக்ஸைக்கூட நீங்க மாத்தி வெச்சதில்ல."

அத்தா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? பன்னெண்டு பேர்ல ஏன் நானு?"

இதற்குப் பதில் சொல்லத்தான் பயந்துகொண்டு வந்தேன். சொன்னேன். "நீதான் சின்னவன். அவனுக்கு இதோட முடிஞ்சுது. உனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு, அடுத்த வருஷமே ஆடிக்குவேன்னு நெனச்சேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெருநாள் முடிஞ்ச மறுநாள் ஷார்ஜா போறேனுங்க்கா. மச்சான் கடைல வேலை. விசா ஜனவரிலயே வந்துருச்சு. கோப்பை முடிஞ்சு வர்றேன்னு கெஞ்சித் தள்ளிப் போட்டேன். சொன்னா கோச் டீம்ல இருந்து எடுத்துருவாருன்னு யாருகிட்டயும் சொல்லல." அத்தா பக்கம் பார்த்தான். "வீட்டுல மட்டும் தெரியும். கடைசி மேட்ச்சுன்னுதான் அத்தா எல்லாத்தையும் கூட்டிட்டு வந்தாரு."

மன்னிச்சிரு என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லை அந்த வீட்டில் வைத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அம்மா ஒரு டம்ளர் டீயோடு வந்தார்.

"வேண்டாம்மா, நீங்கள்லாம் நோன்பு..."

"நோன்பு எங்களுக்குத்தானம்மா," என்றார். "வெயில்ல வந்துருக்கீங்க. குடிங்க."

மூவரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் டம்ளரை வாங்கி, அவர்கள் முன்னால், கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.